மருந்தும் மருந்தும் சேர்ந்தால்...

தொழிலாளி தொழிலாளியோடு சேர்ந்தால் பலம் பிறக்கும். இந்த உண்மையை இப்பத்திரிகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம், இனியும் எழுதுவோம். ஆனால் சேர்ந்தால் அபாயத்தை உண்டாக்கும் ஒன்றைப் பற்றி இன்று எழுத வேண்டியிருக்கிறது. அது நம் ஒவ்வொருவர் வீட்டு அலமாரியிலும், சாமி படத்துக்குப் பக்கத்தில், சின்னப் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. தூக்கத்தை வரவழைக்கும் மாத்திரைகளைத்தான் சொல்கிறோம்.

"சம்பளத்தையும் வீட்டையும் பற்றி எழுத வேண்டிய சங்கப் பத்திரிகைக்கு மாத்திரையைப் பற்றி என்ன பேச்சு? அதை டாக்டர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கூரிய கத்தியோடு மேட்டிலும் பள்ளத்திலும் நடக்கிறவர் டாக்டர் அல்ல, நாம். இருட்டு ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போகிறவரும் நாமே. தூங்கி விழுந்தால் விழுவது நம் உடம்பு. நிற்பது நம் வருமானம். ஆகவே இது டாக்டரின் காரியம் மட்டுமன்று. இது தொழிற்சங்கத்தின் காரியமும் ஆகும்.

மற்றொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல நமக்குக் கூச்சமாகவே இருக்கிறது. ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

நம் கையால் கொடுத்த மாத்திரை

நாம் வேலை செய்யும் தோட்டத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய அக்காள் ஒருவர் பால்வெட்டு வேலை செய்கிறார். பெயர் வேண்டாம். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரவில் பாதம் எரிகிறது என்பதற்காக அரசாங்க ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். பிறகு இடுப்பு வலி வந்தது. பட்டணத்துத் தனியார் கிளினிக்கில் வலிக்கு வேறொரு மாத்திரை வாங்கி வந்தார். இது இப்படியிருக்க, ஒருநாள் சாயங்காலம் ஆபீசுக்கு வந்து, "மூக்கு ஒழுகுது கிராணி ஐயா, ரெண்டு நாளா தூக்கமே இல்லே. ஏதாச்சும் மாத்திரை இருக்குங்களா?" என்று கேட்டார்.

நம் மேசை இழுப்பறையில், முன்பு நமக்கு டாக்டர் கொடுத்ததில் மீதியான சளி மாத்திரைகள் கிடந்தன. மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன மாத்திரைகள். "இதைப் போட்டுக்கொண்டு படுங்க அக்கா, காலையில் சரியாகிவிடும்" என்று சொல்லி இரண்டை எடுத்துக் கொடுத்தோம். ஓர் உதவி செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்கும் போனோம்.

மறுநாள் காலைப் பிரட்டில் அவர் நின்ற நிலை சரியில்லை. "தலை கனமா இருக்குதுங்க" என்றார். நாம் பேரைப் பதிந்துகொண்டு வேலைக்கு அனுப்பிவிட்டோம். அந்த மாதம் அவருக்கு ஏற்கனவே வேலை நாள் குறைவு. ஒரு பேரைப் போக்க வேண்டாம் என்று அவரும் நினைத்தார், நாமும் நினைத்தோம். மணி எட்டு இருக்கும்போது பக்கத்து நிரையில் வெட்டியவர் ஓடி வந்தார். அக்காள் காட்டு வடிகாலின் ஓரத்தில் விழுந்து கிடந்தார். கத்தி அவர் கைக்கு அடியில் இருந்தது. கூப்பிட்டால் முனகினார், கண் திறக்கவில்லை. மூச்சு மிக மெதுவாக வந்துகொண்டிருந்தது.

தெய்வாதீனமாக அவர் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்னென்ன மருந்து சாப்பிட்டார்?" என்பதுதான். அவருடைய மகனுக்கு ஒரு மாத்திரைதான் தெரியும். மகளுக்கு இன்னொன்று தெரியும். மூன்றாவது மாத்திரை எது என்பது நமக்கு மட்டுமே தெரியும். மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்த பிறகே விஷயம் விளங்கிற்று.

இதை எழுதுவது பாவமன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. நம்மைப் போல் எத்தனை கிராணிமார்களின் இழுப்பறையில் அந்த மஞ்சள் மாத்திரை இருக்கிறதோ, எத்தனை லயத்து வீடுகளில் ஒருவர் மாத்திரையை இன்னொருவர் விழுங்குகிறாரோ, அவர்கள் அனைவரும் யோசித்துப் பார்க்கட்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

குற்றவாளி எது?

மூன்று மாத்திரைகளில் எது குற்றவாளி? எதுவும் இல்லை! பாத எரிச்சலுக்குக் கொடுத்த கபாபென்டின் நல்ல மருந்து. இடுப்பு வலிக்குக் கொடுத்த டிராமடோல், தேவைப்படுகிறவருக்கு நல்ல மருந்து. சளிக்கான குளோர்பெனிரமின் நீண்ட காலமாக உலகமெங்கும் பயன்படும் மருந்து. தனித்தனியே பார்த்தால் மூன்றும் யோக்கியமானவையே. ஆனால் மூன்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. மூன்றும் மூளையின் விழிப்பைக் குறைக்கின்றன.

நம் மூளையை விழிப்பாக வைத்திருக்கப் பல இரசாயனப் பொருள்கள் வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்று ஹிஸ்டமின். மூக்கு ஒழுகுவதற்கும் உடல் அரிப்பதற்கும் காரணமாவது அதுதான். மூளைக்குள் நம்மை விழித்திருக்கச் செய்வதும் அதுதான். குளோர்பெனிரமின் போன்ற பழைய சளி மருந்துகள் ஹிஸ்டமினை மூக்கில் மட்டும் தடுப்பதில்லை. மூளைக்குள்ளும் புகுந்து தடுக்கின்றன. அதனால்தான் தூக்கம் வருகிறது. டிராமடோல், கோடீன், மார்பின் போன்ற வலி மருந்துகள் வேறொரு வாசல் வழியாகச் சென்று வலியை அடக்குகின்றன. அதோடு மூச்சு விடும்படி உத்தரவிடும் மூளைப் பகுதியையும் மந்தப்படுத்துகின்றன. நரம்பு வலி மருந்துகள் மற்றொரு வாசலில் நுழைகின்றன. வாசல்கள் வேறு, போய்ச் சேரும் வீடு ஒன்று.

ஒரு விளக்கின் திரியை ஒருவர் கொஞ்சம் இறக்கினால் வெளிச்சம் மங்கும், அணையாது. ஒருவருக்கொருவர் தெரியாமல் மூன்று பேர் மூன்று முறை இறக்கினால் என்ன ஆகும்? மருந்து விஷயத்தில் நடப்பதும் இதுவே. முதலில் தூக்கம். பிறகு தள்ளாட்டம், நினைவுத் தடுமாற்றம். அதற்கும் மேலே போனால் மூச்சே குறைந்து உயிருக்கு ஆபத்து.

அந்த அக்காளின் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கபாபென்டின் உடம்பிலிருந்து சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேறுகிறது. நெடுநாள் சர்க்கரை நோயால் அவருடைய சிறுநீரகம் பலவீனப்பட்டிருந்தது. ஆகவே வெளியே போக வேண்டிய மருந்து உள்ளேயே தேங்கிற்று. நம் மக்களிடையே சர்க்கரை நோய் எவ்வளவு அதிகம் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. பாத எரிச்சலுக்குக் கபாபென்டின் அல்லது பிரிகாபலின் சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இது ஏதோ நம் தோட்டத்தில் மட்டும் நடந்த அதிசயமன்று. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2016ஆம் ஆண்டில், மார்பின் இனத்து வலி மருந்துகளையும் டயசிபாம் இனத்துத் தூக்க மருந்துகளையும் சேர்த்துச் சாப்பிட்டால் மூச்சடைத்து மரணம் நேரலாம் என்று, தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அம்மருந்துகளின் குறிப்புத்தாள்களில் கட்டம் போட்டு அச்சிடும்படி உத்தரவிட்டது. 2019ஆம் ஆண்டில் கபாபென்டின், பிரிகாபலின் ஆகிய இரண்டையும் பற்றி மற்றோர் எச்சரிக்கை விடுத்தது. மற்றத் தூக்க மருந்துகளோடு சேரும்போதும், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும், வயது முதிர்ந்தவர்களுக்கும் மூச்சுத் தளர்ச்சி ஏற்படலாம் என்பதே அந்த எச்சரிக்கை.

எவை எவை?

தூக்க மருந்து என்றால், தூக்கம் வராதவருக்குக் கொடுக்கும் மாத்திரை என்று மட்டுமே நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. வேறு நோய்க்குக் கொடுக்கும் பல மருந்துகளும் தூக்கத்தைத் தருகின்றன.

சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெதசின். இவற்றில் சில இருமல் தண்ணீரிலும் கலந்திருக்கும். தசைப் பிடிப்புக்குக் கொடுக்கும் ஆர்பெனட்ரின். வலிக்குக் கொடுக்கும் டிராமடோல், கோடீன். மனக்கலக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் கொடுக்கும் டயசிபாம், அல்பிரசோலம், லோரசிபாம். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின். இவற்றோடு வலிப்பு நோய்க்கான மருந்துகள் சில, மனநோய்க்கான மருந்துகள் சில.

இதில் அடிக்கடி நடக்கும் ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். சளி பிடித்தவர் கிளினிக்கில் சளி மாத்திரை வாங்குகிறார். இருமல் நிற்கவில்லை என்று மருந்துக் கடையில் இருமல் தண்ணீர் வாங்குகிறார். உடம்பு அரிக்கிறது என்று போன மாதத்து அரிப்பு மாத்திரையையும் போடுகிறார். மூன்று நோய்க்கு மூன்று மருந்து என்பது அவர் எண்ணம். உண்மையில் மூன்றும் ஒரே இனத்து மருந்தாக இருக்கலாம்! உறை வேறு, நிறம் வேறு, விலை வேறு, சரக்கு ஒன்று.

மதுவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. பீர், கள், சம்சு எதுவானாலும் மூளையை மந்தப்படுத்துவதில் அது இம்மாத்திரைகளுக்கு உடன்பிறப்பு. "மாத்திரையைச் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆகிவிட்டது, இனிக் குடிக்கலாம்" என்பது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. வடபகுதித் தோட்டங்களில் சிலர் உடம்பு வலிக்குக் கெத்தும் இலைத் தண்ணீர் குடிக்கிறார்கள். அந்த இலையில் உள்ள சத்து, மார்பின் வேலை செய்யும் அதே வாசலில்தான் வேலை செய்கிறது. இலைதானே என்று இலேசாக நினைக்கக்கூடாது.

பெயர் தெரியாத 'நாட்டு மருந்து' மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதிவு செய்த மருந்துகளின் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அது இல்லாமல் சந்தையிலும் கைபேசியிலும் விற்கப்படும் வலி மருந்துகளில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. அத்தகைய சரக்குகளில் இரகசியமாக ஆங்கில மருந்துகளைக் கலந்து விற்றதை அதிகாரிகள் இந்நாட்டில் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நம் வேலை நேரமும் மருந்தின் நேரமும்

"ராத்திரிதானே சாப்பிடுகிறேன், காலையில் தெளிந்துவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆபீசில் ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்காருகிறவருக்கு ஒருவேளை தெளியலாம். நம் நிலைமை வேறு. குளிர்ந்த நேரத்தில்தான் மரம் நன்றாகப் பால் கொடுக்கும். ஆகையால் உலகம் உறங்கும்போதே நாம் எழுகிறோம். இரவு பத்து மணிக்குப் போட்ட மாத்திரை, காலை ஐந்து மணிக்கு இன்னும் நம் இரத்தத்தில் முழு வேலையில் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். குளோர்பெனிரமின் பெரியவர்களுடைய உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 20 மணி நேரம் ஆகிறது. டயசிபாம் பாதியாவதற்கு ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை பிடிக்கும். அது உடைந்து உண்டாகும் பொருளும் தூக்கம் தருவதே. அது இன்னும் அதிக நாள் நிற்கும். முதியவர்களுக்கு இந்தக் கணக்கு மேலும் நீளும். நேற்றைய மாத்திரை போய்விட்டது என்று நாம் நினைக்கிறோம்; அது இன்றைய மாத்திரைக்காகக் காத்திருக்கிறது.

இன்னொரு மோசமும் இதில் உண்டு. அரைத் தூக்கத்தில் இருப்பவருக்குத் தாம் அரைத் தூக்கத்தில் இருப்பது தெரியாது. "எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார். ஆனால் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்தியிருக்கும். மங்கு ஒரு பக்கமும் பால் ஒரு பக்கமுமாக ஒழுகியிருக்கும். மரத்துக்கு ஏற்படும் காயத்தைத் தண்டல் பார்த்துவிடுவார். வெட்டுகிறவருக்கு ஏற்படும் காயத்தை யார் பார்ப்பது? பால் லாரி ஓட்டுகிறவர், மருந்தடிக்கும் குழுவில் இருப்பவர், ஸ்டோரில் இயந்திரத்தண்டை நிற்பவர், இரவுக் காவலர் ஆகியோர் நிலைமையும் இதுவே.

வயதான தாய் தந்தையரை வீட்டில் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். பழைய சளி மருந்துகளும் அமிட்ரிப்டிலினும் முதியவர்களுக்குத் தூக்கத்தோடு மனக்குழப்பத்தையும் உண்டாக்கும், வாய் உலரும், ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும். இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்ட பெரியவரை, "வயசாகிவிட்டது, விழுந்துவிட்டார்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் அன்று என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று எத்தனை பேர் கேட்டோம்?

ஒரு கையும் ஐந்து கையும்

நம் தகப்பன்மார் காலத்தில் தோட்டத்துக்கு ஒரு டிரெஸ்ஸர் இருந்தார். ஒரு பெரிய புட்டியில் மருந்து கலக்கி எல்லாருக்கும் அதையே ஊற்றினார் என்று இன்றும் கேலி பேசுகிறோம். அந்தக் காலம் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. அன்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் பட்ட அவமானங்கள் பெரியவர்களுக்கு மறக்காது. தோட்டத்து டிரெஸ்ஸர்களைப் பதிவு செய்யவேண்டும் என்று 1965ஆம் ஆண்டில் தனிச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. ஆயினும் ஒன்று சொல்லலாம். யார் என்ன மருந்து குடிக்கிறார் என்பது அந்த ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று எத்தனையோ தோட்டங்களில் ஆஸ்பத்திரிக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது, அல்லது இடிக்கப்பட்டுவிட்டது. மருந்து வரும் கைகள் பெருகிவிட்டன. அரசாங்க ஆஸ்பத்திரி ஒரு கை. நிர்வாகம் குறித்துக் கொடுத்த தனியார் கிளினிக் ஒரு கை. மருந்துக் கடை ஒரு கை. சீன மருந்துக் கடை ஒரு கை. அடுத்த வீட்டு அக்காளும் ஆபீசுக் கிராணியும் ஐந்தாவது கை. ஒரு கை கொடுப்பது மற்றக் கைக்குத் தெரியாது. ஐந்து கைகளையும் அறிந்தவர் ஒருவர்தான், அவர் நோயாளி. அவரும் வாய் திறக்காவிட்டால் வேறு யார் சொல்வது?

டாக்டரிடம் சொல்ல ஏன் தயங்குகிறோம்? "வேறு டாக்டரிடம் போனேன் என்றால் கோபிப்பார்" என்ற பயம். "மனத்துக்கு மருந்து சாப்பிடுகிறேன் என்றால் கேவலமாக நினைப்பார்கள்" என்ற வெட்கம். "குடிப்பழக்கத்தைச் சொன்னால் திட்டுவார்" என்ற தயக்கம். தோழர்களே! நிர்வாகத்தின் முன் எழுந்து நின்று நியாயம் கேட்கக் கற்றுக்கொண்ட நாம், ஒரு டாக்டரின் முன் நம் உயிருக்காக உண்மையைச் சொல்லப் பயப்படலாமா? கோபித்தால் கோபிக்கட்டும். கோபம் ஐந்து நிமிடம்; உயிர் ஒரே தடவை.

செய்ய வேண்டியவை

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு துணிப்பை போதும். வீட்டிலுள்ள மாத்திரை, தண்ணீர் மருந்து, நாட்டு மருந்து, சத்து மாத்திரை அனைத்தையும் உறையோடும் பெட்டியோடும் அந்தப் பையில் போடுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், எந்த மருந்துக் கடையில் நின்றாலும் அந்தப் பையை மேசைமேல் வையுங்கள். பேச்சு வராவிட்டாலும் பை பேசும். பைக்குப் பதில் கைபேசியில் உறைகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளப் பிள்ளைகளிடம் சொன்னாலும் சரிதான்.

பையை வைத்துவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். இது தூக்கம் கொடுக்குமா? இந்தப் பையில் உள்ள எதனோடும் சேரக்கூடாதா? நான் விடியுமுன் கத்தி பிடிக்கிறவன், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். எனக்குத் தூக்கம் தராத வேறு மருந்து உண்டா? மூன்றாவது கேள்வியை மறக்கவே கூடாது. ஏனெனில் பல சமயங்களில் வேறு மருந்து உண்டு. சளிக்கும் அரிப்புக்கும் லோரடடின், பெக்ஸோபெனடின் போன்றவை மூளைக்குள் அதிகம் புகாதவை. தூக்கம் மிகவும் குறைவு. நாம் என்ன வேலை செய்கிறோம் என்று சொன்னால்தானே டாக்டருக்குத் தெரியும்?

மருந்து உறையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 'மெங்ஙாந்தோக்' என்ற மலாய்ச் சொல் இருந்தால் தூக்கம் வரும் என்று பொருள். புதிய மருந்தை முதன்முதலாகச் சாப்பிடுவது மறுநாள் ஓய்வாக இருக்கும் இரவாக இருந்தால் நல்லது. உடம்பு அதை எப்படித் தாங்குகிறது என்று தெரிந்துகொள்ளலாம். மீதி மாத்திரையைச் சேமித்து வைக்காதீர்கள். பிறர் மாத்திரையை வாங்காதீர்கள். உங்கள் மாத்திரையைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். உப்பும் மிளகாயும் கடன் கொடுப்பது லயத்துப் பண்பு. மாத்திரை கடன் கொடுப்பது பண்பன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துப் பயந்துபோய், சாப்பிட்டுவரும் மருந்தைத் திடீரென்று யாரும் நிறுத்திவிட வேண்டாம். டயசிபாம் இனத்து மருந்துகளையும் வலிப்பு மருந்துகளையும் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பே வரலாம். டாக்டர் வேண்டுமென்றே, அளவறிந்து, இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. அது வேறு, தெரியாமல் சேர்வது வேறு. குறைப்பதானாலும் நிறுத்துவதானாலும் கேட்டுச் செய்யுங்கள்.

ஒருவர் எழுப்பியும் எழாமல் கிடந்தால், மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தால், புதிதாகக் கரகரவென்று குறட்டை எழுந்தால், உதடும் நகமும் நீலம் பாய்ந்தால், "தூங்கட்டும், தெளிந்துவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். தனியாகவும் விடாதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள். மூச்சு இருக்கிறவரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால் என்ன செய்வது என்பதை அந்தத் தொலைபேசியிலேயே சொல்வார்கள், சொல்வதைச் செய்யுங்கள். காப்பி கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மாத்திரை உறைகள் அனைத்தையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

கிராணிமார்களுக்கும் நிர்வாகத்துக்கும்

கிராணிமார்களாகிய நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது இது. இழுப்பறையைச் சுத்தம் செய்வோம். காயத்துக்குக் கட்டும் துணியும் பஞ்சும் இருக்கட்டும்; மீதி மாத்திரைகள் வேண்டாம். பிரட்டில் ஒருவர் தலை கனக்கிறது என்றால், பேரைப் பதிவதற்கு முன் "என்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்று கேட்போம். அந்த ஒரு கேள்வியை அன்று நாம் கேட்டிருந்தால், அந்த அக்காள் வடிகால் ஓரத்தில் கிடந்திருக்க மாட்டார்.

நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டியது வேறு. தூக்க மருந்து சாப்பிட்டவர் ஏன் வேலைக்கு வருகிறார்? வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்ற பயத்தினால். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு உட்பட்டவருக்கு 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுமுறை உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. டாக்டரின் சான்று வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இது தர்மம் அன்று, உரிமை. தூக்கம் தரும் மருந்து கொடுக்கும் டாக்டரிடம், "இதோடு நான் கத்தி பிடிக்கலாமா?" என்று கேளுங்கள். கூடாது என்றால், "அப்படியானால் சான்று எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

நீண்ட நாள் மருந்து சாப்பிட வேண்டியவர்களுக்கு நோய் விடுமுறை போதாது என்பது உண்மை. அவர்களைக் கத்தியும் வாகனமும் இல்லாத வேலைக்குக் கொஞ்ச காலம் மாற்றிக் கொடுக்கும்படி நிர்வாகங்களைக் கேட்கிறோம். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. அதன் திருத்தம் 2024 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தபின், வேலையிடத்து அபாயங்களை முன்கூட்டியே ஆராய்ந்து மதிப்பிடுவதும் அக்கடமையில் வெளிப்படையாகச் சேர்ந்தது. பாம்பும் சரிவும் அபாயம் என்று எழுதி வைப்பவர்கள், இருட்டில் கத்தியோடு நடக்கும் அரைத் தூக்கத்தையும் அந்தப் பட்டியலில் எழுதட்டும். விபத்துக்குப் பின் பெர்க்கேசோ இருக்கிறது, நல்லது. விபத்துக்கு முன் யார் இருக்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

இன்று நம்மோடு மரம் வெட்டும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களையும் மறந்துவிடக்கூடாது. மருந்து உறையில் உள்ள மொழி அவர்களில் பலருக்குப் புரியாது. டாக்டரிடம் சொல்லவும் வாய் வராது. அவர்கள் கையில் உள்ள உறையை வாங்கிப் படித்துச் சொல்வதும் சங்க வேலைதான்.

அந்த அக்காள் இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார். மருந்தும் மாற்றப்பட்டிருக்கிறது. ஆபீசுக்கு வரும்போதெல்லாம், "கிராணி ஐயா, மாத்திரை இருக்குங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். நமக்குச் சிரிப்பு வருவதில்லை. போன வாரம் அவர் கையில் ஒரு பூப்போட்ட துணிப்பை இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் அது. "எல்லாம் இதுலே இருக்குதுங்க" என்று தட்டிக் காட்டினார்.

ஒவ்வொரு லயத்து வீட்டிலும் அப்படி ஒரு பை தொங்கட்டும். தொழிலாளர்கள் ஒன்று சேரட்டும்; மாத்திரைகள் கேட்டறிந்த பிறகே சேரட்டும்!